கடலுக்கு மேலே ஒரு பிறை

அந்த அறிவித்தல் எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில்தான் வந்து விழுந்தது. அனுப்பியவர் மச்சான். என் அக்காவை, ராத்தாவைக் கல்யாணம் முடித்து எங்கள் வீட்டில் வந்து இருக்கிறவர், கல்முனையில் ஃபோன் கடை வைத்திருப்பவர். அவர் அனுப்புவதில் முக்கால்வாசி, யாராவது வழுக்கி விழுகிற வீடியோக்கள். இதையும் திறக்காமல் விட்டிருப்பேன். கீழே அவர் எழுதியிருந்த வரிதான் திறக்கவைத்தது: ‘சும்மா வீட்டுக்குள்ள வாதாடுற ஆக்களுக்கு ஒரு நல்ல செய்தி.’

பொதுமக்களுக்கான மெய்யியல் கட்டுரைப் போட்டி. வயதெல்லை இல்லை, படிப்பெல்லை இல்லை. தலைப்பு: ‘பிறர் சொல்லி அறிவது அறிவாகுமா?’ மூன்று நடுவர்கள். தெரிவாகும் ஐந்து பேர் கல்முனையில் ஒரு மண்டபத்தில் தங்கள் கட்டுரையை ஒரு சொல்லும் மாற்றாமல் வாசிக்க வேண்டும். பிறகு சபையில் இருக்கிற யாரும் கேள்வி கேட்கலாம்.

சோற்றுக் கையோடு எழும்பிவிட்டேன். “தின்டு முடிச்சிட்டு எழும்பு புள்ள,” என்று உம்மா சொன்னது காதில் விழுந்தது. அதற்குள் முதல் வசனம் தலைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. எனக்கு எப்போதும் அப்படித்தான். மற்றவர்கள் கேள்வியை வாசித்து முடிக்குமுன் என்னிடம் பதில் இருக்கும். அது சரியான பதிலா என்பது வேறு கதை.

அந்த நாட்களில் வீட்டில் ஒரு இழுபறி நடந்துகொண்டிருந்தது. பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம் முடிந்து, சிறப்புப் பாடம் எது என்று எழுதிக் கொடுக்க வேண்டிய காலம். எனக்கு மெய்யியல்தான் வேண்டும். வாப்பாவுக்குப் பொருளியல். வாப்பா பிரதான வீதியில் சீமெந்தும் கம்பியும் பெயின்ற்றும் விற்கிற ஹாட்வெயார் கடைக்காரர். சத்தம் போடுகிறவர் அல்லர், அதுதான் கஷ்டம். அவர் போட்டால் நானும் போடலாம். அவரோ ஆணியை நிறுத்துக் கொடுக்கிற மாதிரி நிதானமாகத்தான் ஒவ்வொரு சொல்லையும் எடுத்து வைப்பார்.

அன்று இரவுச் சாப்பாட்டிலும் அப்படித்தான்.

“பொருளியல் படிச்சா வங்கி இரிக்கி, கந்தோர் உத்தியோகம் இரிக்கி. இதைப் படிச்சா என்ன இரிக்கி?”

“யோசிக்கப் பழகலாம் வாப்பா.”

“ஏன், இப்ப யோசிக்காமலா இரிக்கிறாய்?”

மச்சான் கறிச்சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “மாமா, இவ யோசிக்கிறது பிரச்சினையில்ல. யோசிச்சதையெல்லாம் எங்களுக்குச் செல்றதுதான் பிரச்சினை.”

“நீங்கதானே அந்தப் போட்டிய அனுப்பினீங்க!”

“ஓம். ஊர் ஆக்களும் கொஞ்சம் கேக்கட்டுமே. நாங்க மட்டும் ஏன் கஷ்டப்படோணும்?”

வாப்பா சிரிக்கவில்லை. போட்டி அறிவித்தலை என் ஃபோனில் வாங்கி, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, முழுவதையும் வாசித்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

“எனக்கு இந்தப் பாடம் விளங்காது மகள். விளங்காத சாமானுக்கு நான் விலை செல்ல மாட்டன். ஒண்டு செய்வம். உன்னை அறியாத மூணு பேர், ‘இந்தப் புள்ளைக்கு யோசிக்கத் தெரியும்’ எண்டு என்ட காதுபடச் செல்லட்டும். மறுகா நீ விரும்பினதைப் படி. இல்லாட்டிப் பொருளியல். சரியா?”

“சரி.” யோசிக்காமலே சொன்னேன். மூன்று நடுவர்கள், மூன்று பேர். கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

“மாமா, பெருநாள் தலைப்பிறைக்கே ரெண்டு சாட்சி காணுமே, இவளுக்கு மட்டும் மூணா?” என்றார் மச்சான்.

“பிறை மாசாமாசம் வரும் மகன். இவள் ஒருக்காத்தானே படிக்கப் போறாள்.”

அந்தப் பேச்சில்தான் என் கட்டுரை முளைத்தது. பிறை! பிறர் சொல்லி அறிவதற்கு இதைவிட நல்ல உதாரணம் எங்கே கிடைக்கும்? சாய்ந்தமருதில் பிறந்த எனக்கு இது தோன்றாமல், எந்த ஊர்க்காரிக்குத் தோன்றும்?

இருபத்தொன்பதாம் நோன்பு திறந்த அந்தியை நினைத்துப் பார்த்தேன். நாளைக்குப் பெருநாளா, இன்னொரு நோன்பா என்று தெரியாமல் எங்கள் வீடே அந்தரத்தில் நிற்கும். உம்மா ஒரு பக்கம் பலகார மாவையும் மறுபக்கம் விடியமுன் ஸஹர் சோற்றுக்கு வைக்க வேண்டிய அரிசியையும் வைத்துக்கொண்டு, எதில் கை வைப்பது என்று பார்த்துக்கொண்டிருப்பார். ஆம்பிளைகள் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். நாங்கள் ஃபோனும் கையுமாக. மருதமுனையில் கண்டார்களாம், இல்லையாம், வேறெங்கோ கண்டார்களாம் என்று தகவல் வந்துகொண்டே இருக்கும். திடீரென்று பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரக்கும். பெருநாள் தக்பீர் முழங்கும். அவ்வளவுதான். உம்மா அரிசியைத் தூக்கி உள்ளே வைப்பார், தெருவில் பட்டாசு வெடிக்கும், ராத்தா மருதாணியைக் குழைப்பா. முகம் தெரியாத யாரோ இரண்டு பேர் எங்கோ நின்று ‘நாங்கள் கண்டோம்’ என்று சொன்ன ஒரு சொல்லுக்கு ஒரு ஊரே எழும்பி நடக்கும்.

இதை எழுதும்போது என் விரல்கள் நிற்கவேயில்லை. அந்தச் சொல்லை நாங்கள் நம்புகிறோம், சரி. ஆனால் நம்புவது அறிவதாகுமா? ஆகாது என்று எழுதினேன். கண்டவர்தான் அறிந்தவர், கேட்டவர் கீழ்ப்படிந்தவர், அவ்வளவே. ‘பிறர் வாயால் தின்று நம் பசி ஆறாது, பிறர் கண்ணால் கண்டு நம் அறிவு நிறையாது’ என்று ஒரு வசனம். அதை எழுதிவிட்டு எழும்பி அறைக்குள் இரண்டு தடவை நடந்தேன்.

அதற்கு எதிர்ப்பக்கத்தில், தன் கண்ணால் காண்பதன் மகிமையைக் காட்ட ஒரு காட்சி தேவைப்பட்டது. அதுவும் வந்தது: ‘எங்கள் ஊர்க் கடற்கரை மணலில் நின்று, அந்தித் தொழுகை மஃரிபுக்குப் பின், கடலைப் பாருங்கள். அலைகளுக்கு மேலே, நகக்கீறல் போல ஒரு பிறை எழும். அதைக் காண்கிற அந்தக் கணத்தில் உங்களுக்கு எந்தச் சாட்சியும் தேவையில்லை.’

கட்டுரையிலேயே எனக்கு ஆகப் பிடித்த இடம் அது.

வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். உம்மா, “குரல் நல்லாரிக்கி மகள்,” என்றார். மச்சானிடம் அச்சுப் பிரதி ஒன்றைக் கொடுத்து, பிழை இருந்தால் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். அவர் பெருநாள் பிறை பார்க்க வருடா வருடம் கடற்கரைக்குப் போகிறவர். கடையில் வைத்து வாசித்துவிட்டு, பெருவிரலைக் காட்டுகிற படம் ஒன்றை அனுப்பினார். கல்முனையில் இருக்கிற என் சிநேகிதி, மெதடிஸ்த சபைக்காரி, என்னோடு படிக்கிறவள், ஃபோனிலேயே முழுவதையும் கேட்டாள். “அந்தப் பிறை வாற இடத்தில எனக்கு மேலெல்லாம் கூசிட்டுதுகா,” என்றாள். வாப்பா மட்டும் கேட்க மாட்டேன் என்றுவிட்டார். “நான் கேட்டு என்ன? எனக்குத் தெரிஞ்சவளாச்சே நீ. பிழையும் நல்லாத்தான் கேக்கும்.”

ஐந்து பேரில் ஒருத்தியாக நான் தெரிவானேன் என்று செய்தி வந்தபோது வாப்பா கடையில் கம்பி எண்ணிக்கொண்டிருந்தார். ஓடிப்போய்ச் சொன்னேன்.

“மாஷா அல்லாஹ். ஆனா அது கணக்கில்ல. என்ட காதுபட எண்டு சொன்ன நான்.”

“அப்ப நீங்க வரோணும்.”

“வாறன்.”

வந்தார். சனிக்கிழமைப் பின்னேரம், கடையைப் பாதியில் பூட்டிவிட்டு, சீமெந்து மணக்கிற சின்ன லொறியிலேயே வந்தார். வெள்ளைச் சேட்டுப் போட்டிருந்தார். பின்வரிசையில் மச்சானுக்குப் பக்கத்தில், கதவோரமாக உட்கார்ந்துகொண்டார். உம்மா ராத்தாவின் கைக்குழந்தையோடு வீட்டில் நின்றுவிட்டார். சிநேகிதி முன்வரிசையில் இடம் பிடித்துவைத்திருந்தாள். மண்டபத்து யன்னல்களில் எல்லாம் தடித்த திரை. பின்னால் ஒரு மேசையில் சிற்றுண்டிக்குப் பற்றிஸும் ரோல்ஸும் தாள் போட்டு மூடியிருந்தன. மெய்யியலில் எங்கள் ஊர்களுக்கு இவ்வளவு ஆர்வமா என்று சபையைப் பார்த்து நான் பூரித்ததில், அந்த மேசைக்கும் பங்கு இருந்திருக்கலாம்.

முதலில் வாசித்தவள் காரைதீவிலிருந்து வந்த ஒரு பிள்ளை. மெல்லிய குரல். பிறர் சொல்வது அறிவுதான் என்பது அவளுடைய கட்சி. ‘இந்த இடத்தில் கடல் உள்ளே இழுக்கும் என்று மீன்பிடிக்கிறவர்கள் சொன்னால் நாம் இறங்குவதில்லை. தானே சோதித்துப் பார்த்தவர் திரும்பி வந்து சொல்லப் போவதில்லை’ என்று அவள் வாசித்தபோது சபை ‘ம்’ என்றது. நானும் என்னை அறியாமல் ‘ம்’ என்றேன். உடனே அதை எப்படி வெட்டலாம் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

மூன்றாவதாக என்னைக் கூப்பிட்டார்கள். தொடக்கத்தில் அவசரமாக வாசித்தேன். உம்மாவின் அரிசியும் மாவும் வருகிற இடத்தில் சபை சிரித்ததும் சரியாகிவிட்டது. ‘பிறர் வாயால் தின்று நம் பசி ஆறாது’ என்றபோது நடுவர்களில் இருந்த ஒரே பெண், ஒரு விரிவுரையாளர், தலையை நிமிர்த்திப் பார்த்தார். கடற்கரைக் காட்சியை நான் தாளைப் பார்க்காமலே சொன்னேன். அலைகளுக்கு மேலே, நகக்கீறல் போல. சிநேகிதி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடித்தபோது கை தட்டினார்கள். வாப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. நடுவர்கள் எழுதுகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“சபையிலிருந்து கேள்விகள்?” என்றார் அறிவிப்பாளர்.

ஒருவர் கையை உயர்த்தினார். காரைதீவுப் பிள்ளையின் தகப்பன். வங்கி உத்தியோகத்தர் என்று பிறகு தெரிந்தது. எழும்பும்போதே கூச்சப்பட்டார்.

“தங்கச்சி, கட்டுரை நல்லாயிருந்தது. எனக்கொரு சின்னச் சந்தேகம். குறை பிடிக்கக் கேக்கல்ல. நாங்களும் மூணாம் பிறை பாக்கிற ஆக்கள்தான். அமாவாசை கழிஞ்சு பிறை காணுறது நல்லதெண்டு அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு போவா. நாங்க பாக்கிறது வயல் பக்கம். சூரியன் படுற பக்கம். நீங்க கடல் பக்கம் எண்டு வாசிச்சீங்க. அதான்...” அவர் தலையைச் சொறிந்தார். “உங்கட பிறை வேற பிறையா?”

சபை கொல்லென்று சிரித்தது. அவர் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பி நின்றார்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. நானும் எத்தனை அந்தி அந்தக் கடற்கரையில் நின்றிருக்கிறேன், எனக்குத் தெரியாதா என்று வாய் வரை வந்துவிட்டது. அந்தக் கோபத்தோடேயே, அவருக்குச் சொல்வதற்காகக் கடற்கரையை மனதில் கொண்டுவந்தேன். நான் மணலில் நிற்கிறேன். முன்னால் கடல். கடல் எங்களுக்குக் கிழக்கு. காலையில் சூரியன் அங்கேதான் வருகிறது. பதினான்காம் நிலா அங்கேதான், பெரிய தட்டு மாதிரி, தண்ணீருக்குள்ளிருந்து எழும்பி வரும், அதைக் கண்டிருக்கிறேன். அந்தியில் சூரியன் எங்கே? எனக்குப் பின்னால். தென்னை மரங்களுக்கும் வீட்டுக் கூரைகளுக்கும் அப்பால், நாவிதன்வெளி வயல்களின் பக்கம். தலைப்பிறை சூரியன் போன வழியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவது. அது எழும்புவதில்லை. இறங்குவது. பிறை பார்க்க நிற்கிறவர்கள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும்.

என் பிறை எங்கிருந்து வந்தது? நான் ஒரு நாளும் கண்டதில்லை. இருபத்தொன்பதாம் நோன்பு அந்திகளில் நான் எப்போதும் வீட்டுக்குள், ஃபோனும் கையுமாகத்தான் நின்றிருக்கிறேன். அந்தப் பிறை பெருநாள் வாழ்த்து அட்டைகளிலிருந்து வந்தது. அலை, பேரீச்சை மரம், மேலே ஒரு பிறை.

சபை காத்துக்கொண்டிருந்தது. பின்வரிசையில் மச்சான் தலையைக் குனிந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார். அவர் சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. வாப்பா இப்போது நேராக என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடையில் கதைக்க வேண்டிய தமிழெல்லாம் போய்விட்டது. வீட்டில் கதைக்கிற மாதிரியே கதைத்தேன்.

“நீங்க செல்றதுதான் சரி. பிறை மேற்கால. நான் எழுதினது பிழை. நான் அதைக் கண்டதேயில்ல.”

யாரோ ‘அட’ என்றார்கள். அறிவிப்பாளர், “பரவாயில்லை தங்கச்சி, இது சின்னத் தவறுதான்,” என்று என்னைக் காப்பாற்றப் பார்த்தார்.

“சின்னதில்ல,” என்றேன். என் தலை ஓடத் தொடங்கியிருந்தது. அது ஓடத் தொடங்கினால் நான் பின்னால் ஓடியே ஆக வேண்டும். “இந்தக் கட்டுரை முழுக்க, தன்ட கண்ணால கண்டதுதான் அறிவு எண்டு எழுதியிரிக்கன். மற்ற ஆக்கள் செல்லிக் கேட்ட விசயம் எல்லாம் இதில சரியாத்தான் இரிக்கி. யாரோ கண்டாங்க, பள்ளியில அறிவிச்சாங்க, எல்லாம் சரி. பிழைச்ச இடம் ஒண்டே ஒண்டு. நானே என்ட கண்ணால கண்டன் எண்டு நினைச்ச இடம்.”

இப்போது சபையில் சிரிப்பில்லை.

“இன்னொண்டு. இவர் இப்பத்தான் எனக்கு மேற்கு எண்டு சொன்னார். இந்த மண்டபத்தில திரை போட்டிரிக்கி, எனக்கு வெளியே தெரியல்ல. நான் போய்ப் பாக்கல்ல. ஆனா இப்ப எனக்குத் தெரியும். நம்புறன் எண்டு மட்டும் இல்ல, தெரியும். ஒரு நிமிசத்துக்கு முன்ன தெரியாது. அப்ப நான் எப்பிடி அறிஞ்ச நான்? இவர் செல்லித்தானே?”

பெண் நடுவர் கதிரையில் முன்னுக்கு நகர்ந்தார். “அப்படியென்றால் உங்கள் முடிவை நீங்களே கைவிடுகிறீர்களா?”

“ஓம்.” மூன்று நடுவர்களும் அங்கேதான் இருந்தார்கள். வாப்பாவும். ஆனால் நாக்கு நிற்கவில்லை. “முழுக்க இல்ல. இவர் சொன்னதை நான் அப்பிடியே விழுங்கல்ல. கேட்டிட்டு, சூரியன் எங்க படுது எண்டு நினைச்சுப் பாத்தன். எனக்கு முதலே தெரிஞ்சதோட பொருந்திச்சு. மறுகாதான் ஓம் எண்டன். பிறர் வாயால தின்டு பசி ஆறாது எண்டு எழுதினேனே... சோத்தைப் பிசைஞ்சு ஊட்டுறது இன்னொரு கையா இரிக்கலாம். சின்ன வயசில எல்லாருக்கும் உம்மாட கைதான். ஆனா மெல்லுறது நாமதான். அதை மட்டும் இன்னொருத்தர் செய்ய ஏலாது. அப்பிடித்தான் நான் எழுதியிரிக்கோணும். எழுதல்ல.”

தாளை மடித்துக்கொண்டு இறங்கி வந்தேன். கை தட்டினார்களா என்று நினைவில்லை. சிநேகிதி என் கையைப் பிடித்தாள். “நானும் எத்தின தரம் அந்தக் கடற்கரையில நிண்டிரிக்கன்கா,” என்றாள். “எனக்கும் விளங்கல்லையே. கூசிட்டுது எண்டு வேற செல்லிட்டன்.”

முதலாம் இடம் காரைதீவுப் பிள்ளைக்கு. இரண்டாம் இடம், மூன்றாம் இடம் வேறு இருவருக்கு. எனக்குப் பங்குபற்றியதற்கான சான்றிதழ். அதை வாங்கும்போது எதிர்பார்த்த அளவுக்கு வலிக்கவில்லை. வலி தேநீர் ஊற்றும் மேசைக்குப் பக்கத்தில் வைத்துத்தான் வந்தது. பொருளியல். மூன்று வருடம். மச்சான் ஒரு கையில் ரோல்ஸோடு வந்தார். அவரில்தான் பாய்ந்தேன்.

“நீங்க வருசாவருசம் போறீங்களே! கடலையா பாத்துக்கிட்டு நிப்பீங்க?”

“இல்ல புள்ள. கடலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டுத்தான். வெளி கிடக்கிற இடம் எண்டு கடற்கரைக்குப் போறது, பாக்கிறது ஊர்ப் பக்கம்.”

“அப்ப வாசிக்கக்குள்ள ஏன் செல்லல்ல?”

மச்சான் ரோல்ஸை மென்று முடித்தார். “நீ எழுதினா சரியாத்தான் இரிக்கும் எண்டு நினைச்சன். வாசிச்சு முடிச்சிட்டு, சே, இத்தின வருசமா நான்தான் பிழையா பாத்திருக்கன் போல எண்டு கூட நினைச்சன்.”

அழவிருந்த நான் சிரித்துவிட்டேன். அவரும். பிளேன்டீ அவர் சேட்டில் சிந்தியது.

நாங்கள் சிரித்துக்கொண்டு நிற்கையில், அந்தக் காரைதீவுத் தகப்பன் வாப்பாவைத் தேடிப் போய் நிற்பதைக் கண்டேன். கிட்டப் போனேன். அவர் வாப்பாவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“பிள்ளைய மேடையில வச்சுக் குழப்பிப்போட்டன் ஐயா. எனக்கு மனசு சரியில்ல.”

“அதுக்கென்ன. பிழையைத்தானே காட்டினீங்க.”

“இல்ல, ஆனா பாருங்க, நானெண்டா அந்த இடத்தில எதையாவது செல்லிச் சமாளிச்சிருப்பன். உங்கட பிள்ள அங்கேயே நிண்டு யோசிச்சுது. யோசிக்கத் தெரிஞ்ச பிள்ள.”

பக்கத்துக் கதிரையில் காரைதீவுப் பிள்ளை பரிசுக் கேடயத்தை மடியில் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். “அக்கா, நீங்க கடைசியா சொன்ன சோத்துக் கதை என்ட கட்டுரையில இருந்திருக்கலாம்,” என்றாள். ‘எடுத்துக்கொள்’ என்றேன்.

லொறிக்குப் போகிற வழியில் பெண் நடுவர் எங்களை மறித்தார். அவருக்கு அவசரம், மட்டக்களப்பு பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். “நீங்கள் தகப்பனா?” என்று வாப்பாவிடம் கேட்டார். “நாங்கள் மதிப்பெண் போட வேண்டியது அனுப்பிய கட்டுரைக்கு. அதை உங்கள் மகளே எங்கள் முன்னால் உடைத்துவிட்டா. ஆகவே இடம் கொடுக்க முடியவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், இவவுக்கு யோசிக்கத் தெரியும்.” அவ்வளவுதான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேகமாக நடந்துவிட்டார்.

மச்சான் தன் மோட்டார் சைக்கிளில் போய்விட்டார். நானும் வாப்பாவும் லொறியில். அந்தி வெளிச்சத்தில் கல்முனைக் கடைத்தெரு வாகனங்களால் இறுகிப்போய்க் கிடந்தது. சந்தைப் பக்கம் ஒரு பஸ் குறுக்கே நின்றது. வாப்பா எஞ்சினை நிறுத்தினார்.

நான் வாப்பாவின் பக்கம் திரும்பினேன்.

“வாப்பா, நடுவர் எண்டு நீங்க சொல்லல்ல.”

“என்ன?”

“உன்னை அறியாத மூணு பேர் எண்டுதான் சொன்னீங்க. பரிசு எண்டும் சொல்லல்ல. யோசிக்கத் தெரியும் எண்டு உங்கட காதுபடச் செல்லோணும், அவ்வளவுதான். அந்தக் காரைதீவு ஆள் சொன்னார். அந்த நடுவர் சொன்னா. இந்தச் சொல்லாலேயே.”

வாப்பா ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். கடையில் ஒருவர் விலை பேசும்போது செய்கிற அதே தட்டல்.

“அது ரெண்டு,” என்றார்.

“ரெண்டு சாட்சி பிறைக்கே காணும்.”

“பிறைக்குக் காணும். உனக்கு மூணு எண்டு நீ ஓம் சொன்ன நீ.”

“ஓம்,” என்றேன். பேச்சு மாறக் கூடாது. கடைக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அது தெரியும். கண்ணாடி வழியே வெளியே பார்த்தேன். பக்கத்துக் கடையில் ஒருவர் மாம்பழங்களை ஒவ்வொன்றாகத் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். பஸ் இன்னும் நகரவில்லை.

“அந்தச் சோறு பிசையிற கதை,” என்றார் வாப்பா. “அது முதலே எழுதி வச்சிருந்ததா?”

“இல்ல. அங்க நிக்கக்குள்ள வந்திச்சு.”

“நிண்ட நிலையிலயா?”

“ஓம்.”

“தோத்துப்போறம் எண்டு தெரிஞ்சிட்டா, ஓம் எண்டு சொல்லக்குள்ள?”

“தெரிஞ்சிட்டு.”

“மறுகா ஏன் சொன்ன நீ?”

“அது சரியா இருந்திச்சு வாப்பா,” என்றேன்.

பஸ் நகர்ந்தது. பின்னால் ஒரு த்ரீவீல் ஹோர்ன் அடித்தது. வாப்பா எஞ்சினைப் போட்டு, கியரை மாற்றி, சந்தியைத் தாண்டி, சாய்ந்தமருது வீதியில் லொறி சீராக ஓடத் தொடங்கிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

“மூணாவது ஆள் நான்.”

எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. விளங்கியதும், பழக்க தோஷம், வாதாடத்தான் வாய் வந்தது. “நீங்க எப்பிடி? என்னை அறியாத ஆளா இரிக்கோணும் எண்டு நீங்கதானே...”

“இண்டைக்குப் பின்னேரம் வரைக்கும் அறியாத ஆள்தான் மகள்,” என்றார் வாப்பா, வீதியிலிருந்து கண்ணை எடுக்காமல். “உம்மாட்ட நீயே போய்ச் செல்லு. உன்னை வாசல்ல இறக்கிட்டு, நான் கடையைத் திறக்கப் போறன்.”